சுவரோர வெயில்: பழைய புகைப்படங்களில் லெனின்கிராடு

நெவா நதியில் பனிக்கட்டி இன்னும் முழுதாகக் கரையவில்லை. ஆற்றங்கரையில் பீட்டர்-பால் கோட்டையின் கருங்கல் சுவரை ஒட்டி இருபது முப்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டார்கள், பெண்கள் நீச்சலுடையில் இருக்கிறார்கள். கழற்றிய கம்பளிக் கோட்டுகள் காலடியில் கிடக்கின்றன. எல்லோருக்கும் கண் மூடியிருக்கிறது, முகம் வெயிலைப் பார்த்துத் தூக்கியிருக்கிறது. படுக்கலாமே என்று நமக்குத் தோன்றும். தரை ஈரம், குளிர். சுவர்தான் காற்றை மறித்து, வாங்கிய சூட்டை முதுகுக்குத் திருப்பித் தருகிறது. அதனால் நின்றபடியே வெயில் காய்கிறார்கள்.

லெனின்கிராடின், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்கின், பழைய படங்களில் இந்தக் காட்சி அடிக்கடி வரும். பத்தாண்டுகள் மாறும், நீச்சலுடையின் வெட்டு மாறும், சுவரும் தூக்கிய முகங்களும் மாறாது. முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டிசம்பரில் அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்கூடப் பகல் கிடையாது என்று தெரிந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே ரொட்டி, இறைச்சி, வீடு ஆகியவற்றோடு வெயிலும் வரிசையில் நின்று வாங்க வேண்டிய பொருள்.

தமிழ் வாசகர்களில் ஒரு தலைமுறைக்குச் சோவியத் நகரங்கள் அறிமுகமானது 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாளில். கதையும் கட்டுரையும் படித்தோமோ இல்லையோ, பள்ளி நோட்டுக்கு அட்டை போட அந்தத் தாள்தான். என் கணக்கு நோட்டின் மேல் வருஷம் முழுக்க ஒரு நீரூற்று பொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படங்களில் தொழிலாளர்கள் சிரித்தார்கள், குழந்தைகள் கொழுகொழுவென்று இருந்தார்கள், தெரு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ரொம்ப நாள் கழித்துத்தான் இன்னொரு வகைப் படங்களைப் பார்க்க முடிந்தது. வீட்டு ஆல்பங்களிலிருந்து வந்தவை. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் கோணல், பின்புறத்தில் பென்சிலில் ஒரு தேதி.

சரி, முதல் வகை பிரசாரம், இரண்டாவது வகை உண்மை என்று பிரித்துவிடலாமா? அவ்வளவு எளிதில்லை. வீட்டு ஆல்பத்துக்கும் சில சங்கதிகளை விட்டுவிடும் பழக்கம் உண்டு. அதற்கான காரணங்களில் ஒன்று அரசியல். இன்னொன்று கேமரா.

லெனின்கிராடிலேயே லோமோ என்ற ஒளியியல் தொழிற்சாலை இருந்தது. அங்கே தயாரான ஸ்மேனா-8எம் கேமராவின் விலை 15 ரூபிள். சராசரி மாதச் சம்பளம் 120 ரூபிளை ஒட்டி இருந்த 1970களின் தொடக்கத்தில் இது மாணவர்கூட வாங்கக்கூடிய விலை. 2 கோடிக்கும் மேல் விற்ற கேமரா. கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு, ஒளிமானி கிடையாது. வெயிலா மேகமா என்று படம் வரைந்த குறிகளைப் பார்த்துத் திருப்பிக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர் எத்தனை மீட்டரில் இருக்கிறார் என்பதும் கண்மதிப்புதான். மதிப்பு தப்பினால் முன்னால் நிற்கும் அத்தை மங்கிவிடுவார், பின்னால் இருக்கும் கடைப் பலகை கத்தி போல் தெளிவாக விழும். அத்தைக்கு வருத்தம். நமக்கு லாபம்.

அன்றைய பிலிம்களுக்கு வேகம் குறைவு, நிறைய வெளிச்சம் தேவைப்பட்டது. வீட்டுக்குள் எடுக்க ஃபிளாஷ் எல்லோரிடமும் இருக்கவில்லை. வடக்கு நகரம், நீண்ட குளிர்காலம், இருண்ட அறைகள். ஆகவே படங்கள் கோடையில், வெட்டவெளியில், விடுமுறை நாளில் குவிந்துவிட்டன. இன்று அந்த ஆல்பங்களைப் புரட்டுகிறவருக்கு, சோவியத் வாழ்க்கை முழுவதும் ஜூன் மாதத்தில் நடந்தது போலிருக்கும். 'அந்தக் காலம் எவ்வளவு வெளிச்சமாக இருந்தது பார்!' என்று உருகுகிறவர்களிடம் நான் சொல்ல நினைப்பது இதுதான்: பிலிமுக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது, அதனால் வெளிச்சம் மட்டும் பதிந்தது. நவம்பர் மாதத்து மாலை நான்கு மணியைப் படமெடுத்தவர் குறைவு.

படத்தைக் கழுவுவதும் வீட்டு வேலையாகத்தான் இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்தி, இடுக்குகளில் துணி அடைத்து, சிவப்பு விளக்கு போட்டு, தொட்டியின் மேல் பலகை வைத்து அதில் பெரிதாக்கும் கருவி. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. குளியலறை பல குடும்பங்களுக்குப் பொது. அக்கம்பக்கத்தார் தூங்கிய பிறகு, நள்ளிரவில்தான் அதைத் தனக்கென்று பூட்டிக்கொள்ள முடியும்.

அந்த அக்கம்பக்கத்தார் யார் என்று சொல்லியாக வேண்டும். 1917 புரட்சிக்குப் பிறகு பணக்காரர்களின் விசாலமான குடியிருப்புகளில் அறைக்கு ஒரு குடும்பமாக ஆட்களை அமர்த்தினார்கள். அடுக்களை, குளியலறை, கழிப்பறை, நடைவழி எல்லாம் பொது. இதற்குக் கொம்முனால்கா என்று பெயர். ஜார் காலத்துத் தலைநகரம் என்பதால் லெனின்கிராடில் இப்படிப்பட்ட பெரிய வீடுகள் ஏராளம், அதனால் கொம்முனால்காவும் ஏராளம். நம் ஊர் ஒண்டுக்குடித்தனம் போல என்று சொல்லலாம். ஆனால் ஒண்டுக்குடித்தனத்தில் வாடகை கட்டுப்படியாகாவிட்டால், பக்கத்துப் போர்ஷன்காரரோடு ஒத்துப்போகாவிட்டால், வேறு வீடு பார்த்துப் போய்விடலாம். அங்கே அறையை ஒதுக்குவது அரசு. பேராசிரியர், பேருந்து ஓட்டுநர், குடிகாரர், எல்லோரையும் புறம்பேசும் ஒரு கிழவி என்று யார் யாரோடு இருப்பது என்பதும் அரசின் முடிவு. ஆளுக்கு 9 சதுர மீட்டர் என்பது விதி. பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இந்த அடுக்களைகளின் படங்கள் அரிது. வெளிச்சம் போதாது என்பது ஒரு காரணம். கழுவாத பாத்திரத்தையும் பக்கத்து வீட்டுக்காரியின் முறைப்பையும் ஆல்பத்தில் ஒட்டி வைக்க யாருக்கும் ஆசை இருக்காது என்பது இன்னொன்று. கிடைத்திருக்கும் சில படங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். குடும்பத்துக்கு ஒன்றாக ஐந்தாறு மேசைகள். கூரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, அதில் காயும் துணி. கழிப்பறைக்கு வெளியே வரிசையாக மின்விளக்கு ஸ்விட்சுகள், குடும்பத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் தனித்தனி மீட்டரில் ஓடும். அவரவர் விளக்கைப் போட்டுக்கொண்டு போக வேண்டும், அடுத்தவர் மின்சாரத்தில் உட்காரக் கூடாது. வாசல் கதவில் அழைப்பு மணிகள் குலை குலையாகத் தொங்கும். ஒரே மணியானால் பெயருக்கு எதிரே எண்ணிக்கை எழுதியிருக்கும்: இவர்களுக்கு இரண்டு முறை அடிக்கவும், அவர்களுக்கு நான்கு முறை. தபால்காரருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும்.

ஆனால் இந்த நெருக்கடிக்குள்ளிருந்து பூரிப்பான படங்களும் வந்திருக்கின்றன. கேவிஎன்-49 என்ற தொலைக்காட்சிப் பெட்டியை வடிவமைத்ததே லெனின்கிராடு பொறியாளர்கள்தான். திரையின் அளவு ஏறத்தாழ ஓர் அஞ்சலட்டை. அது போதாது என்று, தண்ணீர் அல்லது கிளிசரின் நிரப்பிய ஒரு பெரிய லென்ஸைத் திரைக்கு முன்னால் நிறுத்தினார்கள். 1950களின் படங்களில் அந்த லென்ஸைச் சுற்றி மொத்த நடைவழியும் கூடியிருக்கும். நாற்காலியை அவரவர் அறையிலிருந்து தூக்கி வந்திருப்பார்கள். ஒருவர் முகத்திலும் சண்டை இல்லை. காலையில் அடுக்களையில் இருந்திருக்கலாம்.

வெளியே வந்து ஜன்னல்களைப் பாருங்கள். குளிர்காலத்தில் எடுத்த தெருப் படங்களில், ஜன்னலுக்கு வெளியே வலைப்பைகள் தொங்குவது தெரியும். ஒவ்வொரு ஜன்னலிலும் காற்றுக்காக ஃபோர்தொச்கா என்ற குட்டிக் கதவு உண்டு. அதன் வழியே இறைச்சி, வெண்ணெய், மீன் எல்லாவற்றையும் பையில் போட்டு வெளியே தொங்கவிட்டுவிடுவார்கள். குளிர்பதனப் பெட்டி எல்லா வீட்டிலும் இல்லாத காலம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரி, அப்புறம் பெட்டி எதற்கு? படம் எடுத்தவரின் நோக்கம் கட்டடத்தின் அழகான முகப்பு. அதில் நமக்கு அகப்படுவது மூன்றாம் மாடிக்காரரின் கோழி.

அந்தப் பைக்கு அவோஸ்கா என்று பெயர். ரஷ்ய மொழியில் 'அவோஸ்' என்றால் 'ஒருவேளை'. ஒருவேளை ஏதாவது கிடைத்தால் வாங்கிப் போடலாம் என்று எப்போதும் கைப்பையிலோ கோட்டுப் பையிலோ மடித்து வைத்திருக்கும் பை. அந்தப் பெயரைப் பரப்பியது லெனின்கிராடு மேடை நகைச்சுவைக் கலைஞர் அர்காதி ராய்கின் என்பார்கள். எதிர்பார்ப்பையும் ஏமாற்றத்தையும் சேர்த்துப் பின்னிய பெயர். நாலு விரல் அகலத்துக்கு மடியும், ஆனால் ஒரு தர்பூசணியைத் தாங்கும். தெருப் படங்களில் யார் கையில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால், அந்த வாரம் கடைக்கு என்ன வந்தது என்றுகூட ஊகிக்கலாம். வலை அல்லவா, எதையும் மறைக்காது.

அன்றாடப் பேச்சில் 'வாங்கினேன்' என்ற சொல்லை விட 'எப்படியோ பிடித்தேன்' என்ற பொருள் தரும் சொல்தான் அதிகம் புழங்கியது. 'ஆரஞ்சு விற்கிறார்கள்' என்று சொல்ல மாட்டார்கள். 'ஆரஞ்சை வெளியே எறிந்திருக்கிறார்கள்' என்பார்கள். எறிந்த இடத்தில் கியூ உருவாகும். போகிறவர் முதலில் 'யார் கடைசி?' என்று கேட்டு இடத்தைப் பிடிப்பார். அப்புறம்தான் எதற்கு நிற்கிறோம் என்று விசாரிப்பார். பெரிய கியூவானால் உள்ளங்கையில் மையால் எண் எழுதிக்கொள்வார்கள். கடைக்குள்ளும் வரிசை ஒன்றோடு முடியாது. பொருளைத் தேர்ந்து விலை தெரிந்துகொள்ள ஒன்று, காசாளரிடம் பணம் கட்டிச் சீட்டு வாங்க ஒன்று, சீட்டைக் காட்டிப் பொருளைப் பெற இன்னொன்று. காசாளர் பெண்ணின் பக்கத்தில், எந்திரம் இருந்தாலும், ஒரு மணிச்சட்டம் இருக்கும். கடை உட்புறப் படங்களில் அதைத் தேடுவது எனக்கு ஒரு விளையாட்டு.

விலை குறைவு என்பது பொய்யில்லை. 1961 நாணயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு டிராம் கட்டணம் 3 கோபெக், மெட்ரோ 5 கோபெக். அறை வாடகை சம்பளத்தில் ஒரு சிறு துண்டு. ஒரு ரூபிளுக்கு 100 கோபெக் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இந்த எண்களைக் கண்டதும் இன்றைக்குப் பலர் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் விலையின் ஒரு பகுதிதான் காசில் வசூலானது. மிச்சத்தை நேரமாகக் கட்டினார்கள். வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒன்றரை மணி நேரம், சனிக்கிழமை அரை நாள். பெரும்பாலும் அதைக் கட்டியவர்கள் பெண்கள். இந்தச் செலவு எந்த ஆல்பத்திலும் இல்லை. கியூவில் நிற்பவருக்குப் படமெடுக்கத் தோன்றாது. கியூவில் நிற்காதவர் எடுத்தால், ஏன் எடுக்கிறாய் என்று நிற்பவர்கள் கேட்பார்கள்.

தெருவில் எடுக்கச் சங்கடமில்லாத ஒன்று சோடா எந்திரம். சாம்பலும் சிவப்புமான அலமாரி போன்ற பெட்டி. 1 கோபெக் போட்டால் வெறும் சோடா, 3 கோபெக் போட்டால் சர்பத் கலந்தது. பட்டை தீட்டிய கனத்த கண்ணாடி டம்ளர் ஒன்றே ஒன்று, ஊருக்கெல்லாம் பொது. குடித்தவர் அதைக் கவிழ்த்து அழுத்தினால் அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவும். அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கோடையில் மூலைக்கு மூலை மஞ்சள் நிற டாங்கு வண்டி நிற்கும், அதில் ரொட்டியைப் புளிக்கவைத்துச் செய்த க்வாஸ். வெள்ளை அங்கி போட்ட அம்மா குழாயைத் திறந்து குவளையில் பிடித்துக் கொடுப்பார். வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவந்து வாங்கிப் போகிறவர்களும் உண்டு. குளிர்காலத்தில் அதே மூலையில் ஐஸ்கிரீம் விற்பார்கள். கம்பளித் தொப்பியோடு பனியில் நின்று ஐஸ்கிரீம் தின்னும் படங்களை வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள் விரும்பி எடுத்தார்கள்.

இந்த நகரத்தின் ஆல்பங்களில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை ஜெர்மன் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. 872 நாட்கள். முதல் குளிர்காலத்தில் தொழிலாளர் அல்லாத பெரியவருக்கும் குழந்தைக்கும் கிடைத்த ரொட்டி ஒரு நாளைக்கு 125 கிராம், அதிலும் மாவல்லாதது நிறைய. லட்சக்கணக்கானோர் பட்டினியில் மடிந்தார்கள். தெருவில் படமெடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதனால் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் போரிஸ் குதோயாரொவ் போன்ற பத்திரிகைப் படக்காரர்கள் எடுத்தவை. மின்சாரம் நின்று பனியில் உறைந்து கிடக்கும் டிராலிபஸ். குழந்தைகள் விளையாடும் சறுக்கு வண்டியில் துணி சுற்றிய பிணத்தை இழுத்துப் போகும் பெண். 1942 கோடையில் புனித ஐசக் தேவாலயத்தின் முன் சதுக்கத்தில் பாத்தி கட்டி வளர்ந்து நிற்கும் முட்டைக்கோஸ். அந்த ஏப்ரல் 15ஆம் தேதி பயணிகள் டிராம் மறுபடி ஓடத் தொடங்கியது. நகரத்தின் நினைவில் அந்த டிராமுக்குத் தனி இடம் உண்டு. வீட்டு ஆல்பங்களில் 1941 கோடைக்கு அடுத்த பக்கம் பெரும்பாலும் 1945. அதற்குப் பிறகு எடுத்த குடும்பப் படங்களில் ஆண்கள் குறைவு.

இதற்கு முந்தைய இன்னொரு ஓட்டையும் உண்டு. 1930களின் படங்களில் சில முகங்களை மையால் அடித்திருப்பார்கள், சிலவற்றைக் கத்தரிக்கோலால் நறுக்கியிருப்பார்கள். கைதானவரின் படத்தை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. நகரத்தின் மிகப் புகழ்பெற்ற புகைப்படக் குடும்பமும் தப்பவில்லை. கார்ல் புல்லா நெவ்ஸ்கி பெருவீதி 54ஆம் எண்ணில் நடத்திய ஸ்டுடியோவை அவர் மகன்கள் தொடர்ந்தார்கள். 1935இல் மகன் விக்டர் புல்லா, குடும்பம் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை அரசு ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்தார். 1938இல் அவரைக் கைது செய்து சுட்டுக்கொன்றார்கள். பழைய பீட்டர்ஸ்பர்க் எப்படி இருந்தது என்று நாம் இன்று அறிவதில் பெரும்பங்கு அந்த நெகட்டிவ்களால்தான்.

1957இல் குருஷேவ் அரசு வீட்டுவசதித் தீர்மானம் கொண்டுவந்தது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய ஐந்து மாடிக் கட்டடங்கள், லிஃப்ட் கிடையாது. நகரத்தின் ஓரங்களில் சரசரவென்று எழுந்தன. மக்கள் வைத்த பெயர் குருஷோவ்கா. இரண்டரை மீட்டர் உயரக் கூரை, ஐந்தாறு சதுர மீட்டர் அடுக்களை. இன்று அதைப் பார்த்து 'தீப்பெட்டி' என்று முகம் சுளிப்பது வழக்கம். குடிபுகும் நாளின் படங்களைப் பார்த்தால் அப்படிச் சுளிக்க மனம் வராது. லாரியின் பின்னால் கட்டிலும் ரப்பர் செடியும். கட்டடத்தைச் சுற்றி முழங்கால் சேறு, நடைபாதை இன்னும் போடவில்லை, மரம் ஒன்றுகூட இல்லை. லாரிமேல் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தில் இருப்பது போன்ற சிரிப்பை எந்த இதழ்ப் புகைப்படக்காரராலும் சொல்லி வரவழைக்க முடியாது. நாற்பது வயதில் முதன்முறையாகத் தன் அடுக்களைக் கதவைத் தானே சாத்தப் போகிறவர் அவர்.

அந்தப் புறநகர்கள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. 1976 புத்தாண்டு நாளில் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்தின் கதையே அதுதான். குடிபோதையில் விமானம் ஏறி லெனின்கிராடில் இறங்கும் மாஸ்கோக்காரர், அதே பெயருள்ள தெருவில் அதே எண் வீட்டுக்குத் தன் சாவியைப் போட்டுத் திறந்து படுத்துவிடுவார். இதில் கூடுதல் வேடிக்கை, லெனின்கிராடு என்று காட்டிய கட்டடத்தையும் மாஸ்கோவிலேயே எடுத்தார்கள். பார்த்தவர்களுக்கு உறுத்தவில்லை.

மற்றபடி ஆல்பத்தில் நிறைந்திருப்பது விருந்து. சுவரில் ஒரு கம்பளம், அதன் முன்னே நீட்டிப்போட்ட மேசை, கண்ணாடிக் கிண்ணங்களில் ஒலிவியே சாலட், தலை சாய்த்த மாமாக்கள். அலங்கரித்த மரம் கிறிஸ்துமஸுக்கானது அல்ல, புத்தாண்டுக்கானது. 1920களின் கடைசியில் ஒழித்த மரத்தை 1935இல் அந்தப் பெயரில் திரும்ப அனுமதித்தார்கள். புரட்சி நாளான நவம்பர் 7, தொழிலாளர் நாளான மே 1 ஊர்வலப் படங்களும் இருக்கும். முன்னால் பதாகை, தலைவர் படம். ஓரத்தில் தோளில் குழந்தை, கையில் பலூன், எப்போது முடியும் வீட்டுக்குப் போகலாம் என்ற முகங்கள்.

வேறு விதமாகப் பார்த்தவர்களும் அந்த ஊரில் இருந்தார்கள். நெவ்ஸ்கி பெருவீதியும் விளதீமிர் வீதியும் சந்திக்கும் மூலையில் 1964இல் திறந்த ஒரு காபிக் கடைக்குச் 'சைகோன்' என்று வாடிக்கையாளர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அச்சேறாத கவிஞர்களும் ஓவியர்களும் அங்கே கூடினார்கள். அந்த வட்டத்தில் போரிஸ் ஸ்மேலொவ் போன்ற புகைப்படக்காரர்களும் உண்டு. கிணறு போல் நாற்புறமும் சுவர் சூழ்ந்த முற்றங்கள், ஆளில்லாத கால்வாய்க் கரை, மழை நின்ற கல்தளம் என்று அவர் எடுத்தார். கொடி கிடையாது, சிரிப்பு கிடையாது. மாஷா இவாஷின்த்சொவா என்ற நாடக விமர்சகர் எந்நேரமும் கேமராவோடு நடந்தார், எடுத்தவற்றை யாருக்கும் காட்டவில்லை. 2000இல் இறந்தார். 2017இல் அவர் மகள் பரணைச் சுத்தம் செய்தபோது சுமார் 30,000 படங்களும் நெகட்டிவ்களும் கிடைத்தன. நாய்கள், பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள், கண்ணாடியில் தெரியும் தன் முகம். ஆல்பமும் இதழும் விட்டுவைத்த அந்த நவம்பர் மாலை அவரிடம் இருக்கிறது.

கியூ வெட்கப்படாமல் படத்தில் ஏறியது கடைசியில்தான். 1990 டிசம்பர் 1 முதல் லெனின்கிராடில் உணவுக்கு மறுபடி ரேஷன் கூப்பன் வந்தது. முற்றுகையை நினைவில் வைத்திருந்த பாட்டிகள் அந்தக் கூப்பனையும் வாங்கினார்கள். பத்திரிகைகள் அந்தக் கியூக்களை மறைக்கவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் ஊரின் பெயரே மாறிவிட்டது.

இன்று பீட்டர்ஸ்பர்கின் உதெல்னயா பழம்பொருள் சந்தையில் கேட்பாரற்ற குடும்ப ஆல்பங்கள் அட்டைப்பெட்டியில் குவிந்து கிடக்கும். படங்களைக் கிளறிப் பார்த்து ஒன்றிரண்டை வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தில் இருப்பவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நினைப்பதில்லை. ஒருவருக்குப் பின்னால் போகும் டிராமின் எண் வேண்டும். இன்னொருவர், இடித்துவிட்ட ஒரு கடையின் பெயர்ப் பலகையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.